அணை நீர்மட்டத் தகவலை எந்த நேரத்தில் போய் எடுப்பது? கணித்துச் சொல்ல வழி உண்டா?

குடமுருட்டிக்கரை:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் பாபநாசம் பக்கம். அப்பா மூன்று ஏக்கரில் குறுவையும் சம்பாவும் போடுகிறார். நான் திருச்சியில் பைத்தான் எழுதும் வேலையில் இருக்கிறேன். இரண்டு வருடமாக எங்கள் ஊருக்கும் சுற்றியுள்ள ஊர்களுக்கும் ஒரு டெலிகிராம் குழு நடத்தி வருகிறேன். மேட்டூர் நீர்மட்டம், நீர்வரத்து, திறப்பு, கல்லணையிலிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் நான்கிலும் எத்தனை கன அடி விடுகிறார்கள், எங்கே எத்தனை மில்லிமீட்டர் மழை, நெல் விலை ஆகிய எல்லாம் தினமும் போகும். 600 பேருக்கு மேல் இருக்கிறார்கள். காலையில் மேட்டூர் கணக்கு வரத் தாமதமானால் அப்பாவுக்கே போன் செய்து கேட்கிறார்கள்.

மொத்தம் 41 இடங்களிலிருந்து தகவல் எடுக்கிறேன். ஒரே ஒரு கிரான் வேலை (குறித்த நேரத்தில் தானாக ஓடும் நிரல்), பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எல்லாத் தளங்களுக்கும் போகும். நாளுக்கு 5,904 முறை. போன மாதம் லாக்கை (நிரல் தானாக எழுதி வைக்கும் பதிவை) எடுத்து எண்ணிப் பார்த்தேன். இத்தனை முறை போய்த் தட்டியதில் புதிதாகக் கிடைத்தது நாளுக்குச் சராசரியாக 63. மற்றதெல்லாம் ஏற்கெனவே என்னிடம் இருந்த எண்கள்.

இது வீண் என்று தெரிந்தும் விட்டு வைத்திருந்தேன். ஆடி மாதம் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த வாரத்தில் ஒரு தளம் 429, அதாவது "அளவுக்கு மீறி வருகிறாய்" என்று பதில் கொடுக்க ஆரம்பித்தது. இரண்டு நாள் கழித்து என் சர்வரையே தடுத்துவிட்டார்கள். அவர்கள் செய்ததில் தவறு சொல்ல மாட்டேன். அத்தனை பேரும் பார்க்கத் துடிக்கும் வாரத்தில், சின்ன சர்வர் ஒன்றை நான் போய் இடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். மெயில் எழுதிக் கேட்டுக்கொண்டதில் மறுபடி திறந்துவிட்டார்கள். பயத்தில் அந்தத் தளத்துக்கு மட்டும் நாளுக்கு ஒரு முறை, காலை ஒன்பது மணிக்கு என்று மாற்றினேன்.

அதில்தான் மனம் உடைந்தது. ஒரு நாள் மாலை நான்கு மணிக் கணக்கில் திறப்பைக் கூட்டியிருந்தார்கள். எனக்குத் தெரிந்தது மறுநாள் ஒன்பது மணிக்கு. கொள்ளிடப் படுகையில் டீசல் என்ஜின் வைத்துத் தோட்டம் செய்யும் பெரியவர் ஒருவர் குழுவில் இருக்கிறார். என் செய்தியை நம்பியே இருந்தவர். தண்ணீர் கால் வைத்த பிறகு, இரவில் மகனோடு டார்ச் அடித்துக்கொண்டு என்ஜினைக் கரையேற்றியிருக்கிறார். அவர் என்னைத் திட்டவில்லை. "தம்பி, முந்தின நாளே தெரிஞ்சிருந்தா பகல்லயே தூக்கியிருப்பேன்" என்று மட்டும் சொன்னார்.

ஏழு மாத லாக் கையில் இருக்கிறது. எந்தத் தளத்தில் எப்போது புது எண் வந்தது என்று பத்து நிமிடத் துல்லியத்தில் சொல்ல முடியும். இதை வைத்து அடுத்த புது எண் எப்போது வரும் என்று கணித்து, அந்த நேரத்துக்கு மட்டும் போய் எடுக்க முடியுமா? அலுவலக நண்பர் ஒருவர் எல்எஸ்டிஎம் (கால வரிசைத் தரவில் பழகும் ஒரு வகை நரம்பியல் வலை மாடல்) பழக்கு என்கிறார். அதெல்லாம் தேவையா? தளங்களுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது, படுகைக்காரருக்கும் தாமதம் ஆகக் கூடாது. இரண்டும் வேண்டும்.

---

நூலாம்படை:

நான் பத்து வருடமாக இணையத் தகவல் திரட்டும் வேலையில் இருக்கிறேன். மாடலுக்குப் போவதற்கு முன் சில காரியங்கள். இவற்றைச் செய்யாமல் மாடல் போட்டால் தப்பான தரவை வைத்துத்தான் அது பழகும்.

முதலில், ஒவ்வொரு தளமும் பதிலோடு ஈடேக் (பக்கத்தின் பதிப்பைக் காட்டும் அடையாளக் குறி) அல்லது கடைசியாக மாறிய நேரம் அனுப்புகிறதா என்று பாருங்கள். அனுப்பினால் அடுத்த முறை போகும்போது அதையே திருப்பிக் கொடுத்து "இதற்குப் பிறகு மாறியிருந்தால் மட்டும் கொடு" என்று கேட்கலாம். மாறவில்லை என்றால் 304 என்ற வெறும் தலைப்பு மட்டும் வரும், பக்கம் வராது. 41இல் பத்துப் பன்னிரண்டு தளமாவது இதைச் சரியாகச் செய்யும்.

இரண்டாவது, மாற்றத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? முழுப் பக்கத்துக்கும் ஹேஷ் (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் சின்ன அடையாளக் குறி) போடுகிறீர்கள் என்றால் நிறுத்துங்கள். கீழே பார்வையாளர் எண்ணிக்கை, மேலே ஓடும் கடிகாரம், ஏதாவது ஒன்று ஒவ்வொரு முறையும் மாறும். அட்டவணையில் உள்ள எண்களை மட்டும் பிரித்தெடுத்து அதற்கு ஹேஷ் போடுங்கள். உங்கள் 63இல் எத்தனை நிஜமான மாற்றம் என்பதே அப்போதுதான் தெரியும்.

மூன்றாவது, 429 வந்தால் எவ்வளவு நேரம் கழித்து வா என்று கூடவே ஒரு தலைப்பு வரி வரலாம். வந்தால் அதைக் கேளுங்கள். வராவிட்டால் காத்திருப்பை ஒவ்வொரு முறையும் இரட்டிப்பாக்குங்கள். எல்லாத் தளங்களுக்கும் சரியாக 00, 10, 20 என்று ஒரே நிமிடத்தில் போகாதீர்கள். எல்லோருடைய கிரானும் அந்த நிமிடத்தில்தான் எழுந்திருக்கும். சில நிமிடம் முன்பின் சிதறவிடுங்கள்.

சரி, இனி கணிப்பு. ஸ்டான்ஃபோர்டில் ஜுங்கூ சோவும் ஹெக்டர் கார்சியா மொலினாவும் 2000இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் எல்லோரும் தொடங்கும் இடம். பக்கங்கள் பாய்சான் முறையில், அதாவது ஒரு சராசரி வேகத்தில் ஆனால் நேரம் காலம் இல்லாமல், மாறுகின்றன என்று வைத்துக்கொண்டு, கையில் இருக்கும் வருகைகளை எப்படிப் பங்கிட்டால் நம் பிரதி அதிக நேரம் புதிதாக இருக்கும் என்று கணக்கிட்டார்கள். அடிக்கடி மாறும் பக்கத்துக்கு அதே விகிதத்தில் அடிக்கடி போவதுதானே சரி என்று நாம் நினைப்போம். அதைவிட எல்லாப் பக்கங்களுக்கும் சமமாகப் போவதே மேல் என்று வந்தது. காரணம் எளிது. நிமிடத்துக்கு நிமிடம் மாறும் பக்கத்தை எத்தனை முறை எடுத்தாலும் அடுத்த நிமிடம் பழசாகிவிடும். அந்த வருகைகளை நாளுக்கு இரண்டு மூன்று முறை மாறும் பக்கத்துக்குக் கொடுத்தால் பலன் அதிகம்.

அவர்களே பின்னர் இன்னொரு கட்டுரையில் மாற்ற வேகத்தைக் கணிக்கும் முறையைத் திருத்தினார்கள். நாளுக்கு ஒரு முறை வீதம் 30 முறை போனீர்கள், 18 முறை மாறியிருந்தது என்று வையுங்கள். 18ஐ 30ஆல் வகுத்து நாளுக்கு 0.6 மாற்றம் என்று எழுதினால் குறைவாகக் கணக்கிட்டதாகும். ஒரே நாளில் இரண்டு முறை மாறியிருந்தாலும் உங்களுக்கு ஒன்றாகத்தானே தெரிந்தது? மாறாத நாள் 12, அதோடு 0.5 கூட்டினால் 12.5. மொத்தம் 30, அதோடு 0.5 கூட்டினால் 30.5. முதலாவதை இரண்டாவதால் வகுத்து, இயல் மடக்கை எடுத்து, குறியை மாற்றுங்கள். 0.89 வரும். உங்களுடையது போன்ற சின்ன அமைப்புக்கு இந்த ஒரு வரியே போதும்.

எல்எஸ்டிஎம் வேண்டாம். ஒரு தளத்துக்கு 200 சொச்சம் நாள்தான் இருக்கிறது, அதற்குப் பழக்கத் தரவு எங்கே?

---

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்:

தம்பி குடமுருட்டிக்கரை, நான் புள்ளியியல் பாடம் எடுத்தவன். நூலாம்படை சொன்ன அடிப்படை வேலைகள் எல்லாம் சரி. ஆனால் பாய்சான் உங்களுக்குப் பொருந்தாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பாய்சான் என்றால் எந்த நிமிடத்திலும் மாறுவதற்கான வாய்ப்பு ஒன்றே. உங்கள் மேட்டூர் எண் அப்படியா வருகிறது? காலை எட்டு மணி நிலவரம் என்று ஒருவர் அளவு எடுக்கிறார், இன்னொருவர் தட்டச்சு செய்கிறார், மூன்றாமவர் தளத்தில் ஏற்றுகிறார். ராத்திரி இரண்டு மணிக்கு அது மாறப்போவதில்லை. நீங்கள் கணிக்க வேண்டியது அந்த மனிதர்களின் காலை வழக்கத்தை.

லாக்கை எடுத்து, ஒவ்வொரு தளத்துக்கும் புது எண் வந்த நேரத்தைக் கடிகார வரிசையில் அடுக்குங்கள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த நிமிடம் வரை வரவில்லை என்றால், அடுத்த இருபது நிமிடத்தில் வர வாய்ப்பு எவ்வளவு? உதாரணத்துக்கு 100 நாள். 8.40க்குள் 60 நாள் வந்துவிட்டது. மீதி 40 நாளில், 8.40க்கும் 9.00க்கும் நடுவில் 24 நாள் வந்தது. அப்படியானால் 8.40 வரை காத்திருந்து வராத நாளில், ஒன்பதுக்குள் வரும் வாய்ப்பு 24ஐ 40ஆல் வகுத்தது, 0.6. அதே தளத்துக்குப் பகல் 12 மணிக்கு இந்த எண் 0.02 என்று வரும். 0.6 இருக்கும் இடத்தில் போங்கள், 0.02 இருக்கும் இடத்தில் போகாதீர்கள். ஆயுள் காப்பீட்டுக்காரர்கள் ஆயுள் அட்டவணை போடுவதும் இதே கணக்கில்தான்.

நடைமுறையில், 50 சதவீத நாள் வந்துவிடும் நேரம், 75, 90, 97 என்று நான்கு நேரங்களைக் குறித்து அந்த நான்கில் மட்டும் போனால் போதும். வந்துவிட்டால் மீதியை விட்டுவிடலாம். ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களைத் தனிப் பட்டியலாக வையுங்கள். வேலை நாளோடு கலந்தால் இரண்டுமே கெடும்.

இரண்டு எச்சரிக்கை.

இப்போது உங்களிடம் இருப்பது பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்த லாக். அது பொக்கிஷம், அழித்துவிடாதீர்கள். நான்கு முறை மட்டும் போக ஆரம்பித்தால் இனி வரும் லாக் "8.40க்கும் 9.10க்கும் நடுவில் எப்போதோ" என்றுதான் சொல்லும். நீங்கள் பார்த்த நேரத்தையே வந்த நேரமாக எழுதினால், கணிப்பு வாரா வாரம் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கும். புது எண் இல்லாமல் கடைசியாகப் பார்த்த நேரம், அது இருந்து முதலில் பார்த்த நேரம் என்று இரண்டையும் எழுதி வையுங்கள்.

அடுத்தது அதைவிட முக்கியம். பார்த்த இடத்தில் மட்டுமே கற்றுக்கொள்வீர்கள். நான்கு மணிக்குப் போகவே இல்லை என்றால், நான்கு மணிக்கு எண் வருவதே இல்லை என்று உங்கள் கணக்கு உறுதியாக நம்பும். படுகைப் பெரியவர் விஷயத்தில் நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். ஆகவே இருபதில் ஒரு வருகையை எந்தக் கணிப்புக்கும் உட்படாமல், ஏதோ ஒரு நேரத்தில் செய்யுங்கள். அதை வீண் என்று எண்ணாதீர்கள்.

---

ஒகேனக்கல் சாலை:

தருமபுரிக்காரன். கணக்கு எனக்குத் தெரியாது, ஆறு தெரியும்.

நீங்கள் எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்துக் கணிக்கிறீர்கள். வெள்ள நாளில் கடிகாரம் உதவாது, மேலே இருக்கும் தண்ணீரைப் பார்க்க வேண்டும். கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் திறப்பைக் கூட்டினால் அது முதலில் பிலிகுண்டுலுவில் தெரியும். அங்கே மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது. அதைத் தாண்டினால் ஒகேனக்கல், அதற்குப் பிறகு மேட்டூர். பிலிகுண்டுலு எண் ஏறினால் மேட்டூர் எண்ணும் ஏறப்போகிறது. இதைவிட நல்ல கணிப்பு மாடல் எது?

ஆனால் ஏறுவது எல்லாமே அவசரம் கிடையாது. மேட்டூரின் முழு உயரம் 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி. அணை 70 அடியில் இருக்கும்போது 50 ஆயிரம் கன அடி வந்தாலும் அது அணைக்குள்தான் தங்கும், படுகைக்கு ஒன்றும் ஆகாது. 119 அடியில் இருக்கும்போது அதே 50 ஆயிரம் வந்தால், வருகிற தண்ணீர் 16 கண் மதகு வழியாக அப்படியே வெளியே போகும். முக்கொம்புக்கு வந்து கொள்ளிடத்தில் இறங்கும். அதனால் நீர்மட்டம் 115 அடியைத் தாண்டினாலே உங்கள் நிரலை வேறு நிலைக்கு மாற்றுங்கள். அந்த நாட்களில் காலைக் கணக்கோடு நிற்காமல் பகலிலும் மாற்றி மாற்றி எண் வரும்.

2018 ஜூலையில் அணை நிறைந்த பிறகு ஆகஸ்டிலும் பெரிய வரத்து இருந்தது. ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பு மேலணையில் கொள்ளிடம் பக்கத்து மதகுகள் உடைந்தன. அந்த வாரம் முழுவதும் நாங்கள் போனைக் கீழே வைக்கவில்லை. அப்படி ஒரு வாரத்துக்குத்தான் உங்கள் வருகைகளைச் சேமித்து வைக்க வேண்டும், மற்ற நாளில் சிக்கனமாக இருந்து.

---

குடமுருட்டிக்கரை:

மூவருக்கும் நன்றி. ஆறு வாரம் ஆகிவிட்டது. செய்ததை எழுதுகிறேன்.

நூலாம்படை அண்ணா சொன்ன இரண்டாவது விஷயம்தான் முதல் அடி. எண்களுக்கு மட்டும் ஹேஷ் போட்டதும் 63 மாற்றம் 48 ஆனது. மூன்று தளங்களில் பார்வையாளர் எண்ணிக்கையைத்தான் நான் புதுத் தகவல் என்று ஏழு மாதம் நம்பியிருக்கிறேன். 41இல் 14 தளங்கள் 304 சரியாகக் கொடுக்கின்றன.

பிறகு ஐயா சொன்னபடி அடுக்கினேன். மேட்டூர் எண் 212 நாளில் 9 நாள் தவிர எல்லா நாளும் 8.20க்கும் 9.30க்கும் நடுவில் வந்திருக்கிறது. அந்த 9 நாளில் 7 ஞாயிறு. இதைத் தாளில் வரைந்து பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது, இத்தனை நாள் நடு இரவில் போய்த் தட்டியிருக்கிறேன். நெல் விலைப் பக்கம் அப்படி ஒழுங்காக இல்லை. மதியம் ஒன்றிலிருந்து மாலை ஆறு வரை பரந்து கிடக்கிறது. ஆனால் அதற்கு யாரும் காத்துக்கொண்டிருப்பதில்லை, ராத்திரி ஏழு மணிச் செய்தியில் போனால் போதும். அதனால் மாலை ஆறேகாலுக்கு ஒரே ஒரு முறை போகிறேன். புதுசாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவன், அந்த எண் யாருக்கு எப்போது வேண்டும் என்று இதற்கு முன் யோசித்ததே இல்லை.

வெள்ள நிலைக்கு ஒகேனக்கல் சாலை அண்ணன் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். நீர்மட்டம் 115க்கு மேல், அல்லது பிலிகுண்டுலுவில் ஆறு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் ஏற்றம், இரண்டில் எது நடந்தாலும் காவிரி தொடர்பான ஏழு தளங்களுக்கு மட்டும் காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை அரை மணிக்கு ஒரு முறை. மற்ற 34க்கு எந்த மாற்றமும் இல்லை. நிரலின் பெயரோடு என் மெயில் முகவரியையும் சேர்த்து அனுப்புகிறேன், யாருக்காவது தொந்தரவு என்றால் தடுப்பதற்கு முன் ஒரு வரி எழுதட்டும்.

சாதாரண நாளில் இப்போது 150 வருகைக்குள் முடிகிறது. வெள்ள நிலையில் 380 வரை போகிறது. மேட்டூர் கணக்கு தளத்தில் வந்ததிலிருந்து குழுவுக்குப் போக ஆகும் தாமதம் முன்பு ஐந்து நிமிடம் போல் இருந்தது, இப்போது பெரும்பாலும் கால் மணிக்குள். கொஞ்சம் கூடியிருக்கிறது, ஆனால் யாரும் அப்பாவுக்குப் போன் செய்யவில்லை.

போன வாரம் புதன்கிழமை வெள்ள நிலைக்கு மாறியது. மதியம் மூன்றரை மணி வருகையில் திறப்பைக் கூட்டிய எண் கிடைத்தது, 3.34க்குக் குழுவுக்குப் போய்விட்டது. படுகைப் பெரியவர் ஐந்தரைக்கு ஒரு படம் அனுப்பினார். என்ஜின் கரைமேல், தார்ப்பாய் போட்டு மூடி, பக்கத்தில் பேரன் நிற்கிறான்.

இப்போது ஒரு சிக்கல், ஐயா. ஒரு தளத்தில் இரண்டு வாரமாக எண் முக்கால் மணி தள்ளி வருகிறது. ஆள் மாறியிருக்கலாம். என் கணக்கு ஏழு மாதப் பழைய வழக்கத்தையே பிடித்துக்கொண்டு, நான்கு முறையும் சீக்கிரமே போய்ப் பார்த்துவிட்டுக் கைவிட்டுவிடுகிறது. அந்த இருபதில் ஒன்று வருகை இல்லையென்றால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

---

ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார்:

படத்தைப் பற்றிப் படித்ததில் ரொம்ப சந்தோஷம், தம்பி.

எல்லா நாளுக்கும் ஒரே எடை கொடுக்கிறீர்கள், அதுதான் சிக்கல். நேற்றைய நாளுக்கு 1, ஒவ்வொரு நாள் பின்னால் போகும்போதும் 0.97ஆல் பெருக்குங்கள். ஏறத்தாழ 23 நாளில் எடை பாதியாகும், மூன்று மாதம் முன் நடந்ததற்குக் கிட்டத்தட்ட எடையே இருக்காது. விடுமுறைப் பட்டியலுக்கு மட்டும் 0.99 வையுங்கள், அங்கே நாட்களே குறைவு. நான்கு வருகையும் வெறுங்கையோடு திரும்பினால் கைவிடாமல், முக்கால் மணி கழித்து இன்னும் இரண்டு முறை போகச் சொல்லுங்கள். ஒரு தளம் தொடர்ந்து மூன்று வேலை நாள் அப்படி ஏமாற்றினால், அந்தத் தளத்துக்கு மட்டும் ஒரு வாரம் காலை வேளையில் இருபது நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்து, வழக்கத்தைப் புதிதாகக் கற்றுக்கொள்ளட்டும்.

---

குடமுருட்டிக்கரை:

இன்று இரவே மாற்றிவிடுகிறேன், ஐயா. வடகிழக்குப் பருவமழைக்கு முன் இது ஓடிப் பழக வேண்டும். நிரலைச் சுத்தம் செய்ததும் இங்கேயே பகிர்கிறேன். திருவாரூர், நாகை பக்கம் இதேபோல் குழு நடத்துபவர்கள் இருந்தால் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு நிரல் ஓட்டி அதே தளங்களை எல்லோரும் தட்டுவதற்குப் பதில், நான் எடுத்த எண்களை உங்களுக்கும் அனுப்பிவிடுகிறேன்.